சின்னச் சட்டி

1

ஆம், நான் மாட்டிறைச்சி அவிக்கிறேன். கிழமையில் ஐந்து நாள், நாளொன்றுக்கு இரண்டு பெரிய பானை.

ஊரில் இருக்கும் மச்சாள் போன கிழமை தொலைபேசியில் இதைத்தான் கேட்டாள். நேரே கேட்கவில்லை. மழை, மரக்கறி விலை, கோயில் திருவிழா எல்லாவற்றையும் சுற்றி வந்து, நான் ரிசீவரை வைக்கப்போகிறேன் என்று சொன்ன பிறகு மெல்லக் கதையை எடுத்தாள். ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்குப் போன ஒரு புண்ணியவான் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

"நீங்கள் மாடு அவிக்கிற கடையிலை நிக்கிறீங்களாம். உண்மையே மச்சாள்?"

மச்சாள் என் கணவரின் தங்கை. நல்ல மனுசி. ஆனால் அவள் ஒன்றைக் கேட்கிறாள் என்றால் அவள் வீட்டு ஒழுங்கைச் சனம் முழுவதும் கேட்டு முடித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அவளுக்கு மட்டும் பதில் சொல்லிப் பிரயோசனமில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே இறைச்சியை நான் ஏன் வாயில் வைப்பதில்லை என்று கேட்டு இங்கே ஒருவர் என்னை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். அங்கே தொட்டது குற்றம், இங்கே தின்னாதது குற்றம். இந்தக் கிழமையோடு அந்தக் குசினிக்குள் நான் காலடி வைத்துப் பன்னிரண்டு வருடம். இரண்டு பக்கத்துக்கும் கணக்குத் தீர்க்க இது நல்ல நேரம்.

2

ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தில், நல்ல கோட்டுப் போட்டவர்கள் அவசரமில்லாமல் நடக்கும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த ஒஸ்திரிய உணவகம். சுவரெல்லாம் கறுத்த மரப்பலகை. வெள்ளை மேசைவிரிப்பு. வெயிற்றர்மார் கறுப்பு வெயிஸ்கோட் போட்டு, முதுகு வளையாமல் நடப்பார்கள். கேக்குகள் சில்லு வைத்த தட்டில் மேசை மேசையாக ஊர்வலம் போகும். சட்டத்தரணிகள், அமைச்சில் வேலை செய்பவர்கள், இசைக் கச்சேரிக்குப் போகுமுன் சாப்பிட வரும் வயோதிபத் தம்பதிகள்தான் வாடிக்கை. நாங்கள் குடியிருக்கும் புருசெத்திலிருந்து நிலக்கீழ் ரயிலில் இருபத்தைந்து நிமிடம். ஆனால் புருசெத்தில் இருந்து யாரும் அங்கே சாப்பிடப் போனதாக நான் கேள்விப்படவில்லை. பின்வாசலால் போனவர்கள் உண்டு. நான் அதில் ஒருத்தி.

கோப்பை கழுவத்தான் போனேன். பிறகு கிழங்கு உரித்தேன், வெங்காயம் வெட்டினேன். அந்த வருடமே ஒருநாள் சூப் வைப்பவர் வராமல் விட, பழைய தலைமைச் சமையல்காரர் சுற்றிப் பார்த்தார். நான்தான் நின்றேன். அன்று அடுப்புக்குப் போனவள் பிறகு திரும்பவில்லை.

அந்தக் கடையின் பெயர் நின்றது அவித்த மாட்டிறைச்சியில்தான். வறுப்பதில்லை, பொரிப்பதில்லை. பின்தொடை இறைச்சியை முழுசாகப் போட்டு, கருக்கிய வெங்காயம், கரட், செலரிக் கிழங்கு, மிளகு போட்டு மூன்று மணித்தியாலம் மெல்லிய சூட்டில் வைத்திருக்க வேண்டும். கொதித்துத் துள்ளினால் கெட்டது. பிறகு செப்புச் சட்டியில் சூப்போடு மேசைக்குப் போகும். சாப்பிடுபவர்கள் முதலில் சூப்பைக் குடிப்பார்கள். அதற்குத்தான் காசு.

நான் மீன் தின்பேன், ஆடு தின்பேன், கோழி தின்பேன். மாடு தின்பதில்லை. அப்படியென்றால் உப்பு எப்படிப் பார்ப்பது? முதல் நாளே அந்தக் கேள்வி வந்துவிட்டது. அன்று நான் கண்டுபிடித்ததுதான் சின்னச் சட்டி.

பெரிய பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி வைப்பேன். அதே மரக்கறிகள், அதே மிளகு, அளந்த தண்ணீர். இறைச்சி மட்டும் இல்லை. சின்னதில் உப்புப் போட்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, சரி வந்ததும் அதே அளவைப் பெருக்கிப் பெரியதில் போடுவேன். இறைச்சியிலும் கொஞ்சம் உப்பு உண்டு, அதற்காக ஒரு கிள்ளு குறைப்பேன். கடைசியில் ஆவிக்கு மேலே மூக்கைக் கொடுப்பேன். உப்புக் காணாத சூப் துணி அவித்த தண்ணீர் மாதிரி மணக்கும். உப்புச் சேர்ந்தால் செலரி முன்னுக்கு வரும். பழைய தலைமைச் சமையல்காரர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு போய்விட்டார். செப்புச் சட்டி காலியாகத் திரும்பி வந்தால் அவருக்குப் போதும்.

ஒருமுறை அமைச்சுக்காரர் ஒருவர் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று குசினி வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் நாட்டில் சமாதானம் பேச நோர்வே ஓடித்திரிந்த காலம் அது. நான் எந்த நாடு என்று தெரிந்ததும் சூப்பை விட்டுவிட்டுச் சமாதானத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். நான் அவருக்குச் சமாதானத்தைப் பற்றி என்ன சொல்ல? மிளகு காணுமா என்று திருப்பிக் கேட்டேன். காணும் என்றார். வியன்னாவில் குடித்தது போலவே இருந்தது என்றும் சொன்னார். ஐரோப்பாவில் நான் டென்மார்க்குக்கு அப்பால் தெற்கே போனதில்லை.

3

உணவகங்களில் சிகரெட் குடிக்கத் தடை வந்த அந்த வருடம் பழையவர் ஓய்வு பெற்றுப் போக, வியன்னாவிலிருந்து ஹெல்மூட் வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல வேலைக்காரன், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கரண்டி. பானையில் விடுவார், வாயில் வைப்பார், ஏப்ரனில் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடுத்த பானையில் விடுவார். எச்சில் என்ற ஒரு சங்கதி இந்த உலகத்தில் இருப்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு பின்னேரம், மேசைகள் நிரம்பத் தொடங்கும் நேரம், என் பானையைத் திறந்து ருசி பார்த்தார். மிக நல்லது என்றார். நீ பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டதும் தன் வாயிலிருந்து எடுத்த அதே கரண்டியைப் பானையில் விட்டு அள்ளி, என் வாய்க்கு நேரே நீட்டினார். எட்டுப் பேர் வேலையை நிற்பாட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே கரண்டியில் இரண்டு பாவம்.

முகத்தைத் திருப்பினேன். கரண்டி கன்னத்தில் பட்டுச் சூப் கழுத்துக்குள் ஓடியது.

என் நொர்ஸ்க் மொழி அவசரத்துக்கு உதவுவதில்லை. சமைப்பேன், சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். எங்கள் சமயம் என்றும் ஒரு சொல் சேர்த்துவிட்டேன், அது பிழையாகப் போயிற்று. அவருக்குத் தெரிந்த சமயக் கட்டுப்பாடு பன்றி ஒன்றுதான். மனுசன் அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் பன்றி இல்லாமல் கவனமாகப் பார்த்து, மாட்டிறைச்சி வைத்திருந்தார்.

கரண்டி நீட்டிய அன்றைக்கு அவர் அதோடு விடவில்லை. சின்னச் சட்டி எதற்கு என்று கேட்டார். சொன்னேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சட்டியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினார்.

"என் குசினியில் அடுப்பு ருசி பார்ப்பவருக்கு. இல்லையென்றால் தொழில் பத்திரம் வைத்திருப்பவருக்கு. உன்னிடம் இரண்டும் இல்லை."

இந்த நாட்டில் பிரதமரிலிருந்து பிள்ளை வரை எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். பழகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த 'நீ' சுட்டது. அடுத்த நாள் காலை நான் மறுபடி கிழங்கு உரித்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு.

அழுதேனா என்று கேட்காதீர்கள். வெங்காயமும் உரித்தேன்.

மாடு தின்னாததற்குக் காரணம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சாமி அறையில் விழுந்து கிடக்கிறவள் அல்ல. செல் குண்டு விழத் தொடங்கி நாங்கள் வீட்டை விட்டு ஓடிய அன்று, அப்பா பட்டியில் நின்ற மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். கட்டி வைத்தால் செத்துப் போகும் என்று. அது எங்கேயாவது ஓடித் தப்பும் என்று நினைத்தோம். அது எங்களுக்குப் பின்னால் வந்தது. காலையில் கறக்காத மடியோடு சந்தி வரைக்கும் வந்தது. சந்தியில் சனம் நெருக்கியது, எங்களை லொறியில் ஏற்றினார்கள், அது நின்றது. அவ்வளவுதான். அதுவரை மாடு தின்னாதது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குப் பிறகு அது என்னுடையது. அதை ஹெல்மூட்டுக்குச் சொல்ல எனக்கு மொழி போதாது. மொழி இருந்தாலும் ஒரு கரண்டிக்காகச் சொல்லியிருக்க மாட்டேன்.

4

பத்திரம்தானே வேண்டும், எடுத்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் சண்டை பிடிக்காத மனிதர். பத்திரம் வந்தால் அடுப்பு உனக்குத்தான், ஹெல்மூட்டும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்.

இங்கே பள்ளிக்கூடம் போகாமலும் சமையல் தொழில் பத்திரம் எடுக்கலாம். போதிய வருடம் அந்த வேலை செய்திருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை ஒன்று, பிறகு சமைத்துக் காட்டும் பரீட்சை ஒன்று. அலுவலகத்தில் இருந்த பெண் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு மிகவும் அன்பாக, உதவியாளாக இருந்த வருடங்கள் சேராது என்றாள். பதினொரு வருடமும் என் வேலைக் கடிதத்தில் 'குசினி உதவியாள்' என்றுதான் இருந்தது. கோப்பை கழுவப் போன நாள் எழுதிய சொல். அடுப்புக்குப் போனபோது யாரும் மாற்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்பாகச் சொன்னாலும் இல்லை என்றால் இல்லைதான்.

ஆனால் அவளுக்கு ஒன்று தெரியாது. அகதியாக வந்தவளுக்குக் கடதாசி எறிய வராது. விமான நிலையத்தில் தந்த முதல் துண்டு முதல், பல் வைத்தியர் தந்த நேர அட்டை வரை எல்லாம் எங்கள் கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் பேணிகளில் இருக்கிறது. எப்போது எவன் எதைக் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? என் கணவர் இதற்காக என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை. வடக்கே மீன் தொழிற்சாலையில் பெட்டி அடித்துவிட்டு இப்போது பஸ் ஓட்டுகிறார். வழியில் ஹம்பேர்கர் தின்றுவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்து பபிள்கம் மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார்.

ஒவ்வொரு ஞாயிறும் குசினியில் அந்தக் கிழமைக்கான வேலை அட்டவணை ஒட்டுவார்கள். கிழமை முடிந்ததும் கிழிப்பார்கள். கிழித்ததை நான் மடித்துக் கைப்பையில் வைப்பேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, பழக்கம். ஒவ்வொன்றிலும் என் பெயர், அதற்கு நேரே 'அடுப்பு' என்று தலைமைச் சமையல்காரரின் கையெழுத்து. மூன்று பேணிகளை இரண்டு பையில் போட்டு ரயிலில் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்தாள். அட்டவணைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். பிறகு, கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள்.

மூன்று கிழமையில் அனுமதிக் கடிதம் வந்தது.

5

எழுத்துப் பரீட்சையில் முதல்முறை தவறினேன், இரண்டாம் முறை தப்பினேன். இரண்டுக்கும் எனக்குப் படிப்பித்தது மகள் அபிரா. பதினைந்து வயது. அவள் பொறுமை எனக்குத் தெரியும், என் பொறுமை அவளுக்குத் தெரியும், அதனால் கதவுகள் நிறைய அடிபட்டன.

அம்மா ஒஸ்திரிய உணவகத்தில் சமையல்காரி என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள். நான் கிழங்குக்குப் போன செய்தி என்னைவிட அவளைத்தான் குத்தியது. சமைத்துக் காட்டும் பரீட்சைக்கு முதல் நாள் காலை, பாண் தின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல் தொடங்கினாள்.

"அம்மா, நாக்கிலை வைச்சிட்டுத் துப்பிவிடுங்கோ. ஒரு செக்கன். சென்சோர்மாருக்கு முன்னாலை ருசி பார்க்கேல்லை எண்டு சொன்னால் ஃப்லாவ்ட்."

சென்சோர் என்றால் பரீட்சகர். ஃப்லாவ்ட் என்றால் வெட்கக்கேடு. இந்த வயதில் அவளுக்கு என்னைப் பற்றிய எல்லாமே ஃப்லாவ்ட்தான்: ரயிலில் தமிழில் உரத்துக் கதைப்பது, குளிர்கோட்டுக்குக் கீழே சேலை, மாடு தின்னாதது. அவள் தின்பாள். நான் தடுத்ததில்லை. அவளுக்கு அந்தச் சந்தியும் தெரியாது, அந்த மடியும் தெரியாது.

நான் சொன்னேன், "நான் வாய் வைக்காமல் பதினொரு வருஷம் சமைச்சனான். அதைக் காட்டத்தான் போறன். வாய் வைச்சால் அது வேறை ஆரோ ஒருத்தியின்ரை பரீட்சை."

"ஃபெயில் விட்டால்?"

"விட்டால் கிழங்கு உரிக்கிறன். எனக்குக் கை இருக்கு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றிரவு கத்திகளை மூன்று தரம் தீட்டினேன். பயம்தான், வேறென்ன.

பரீட்சை ஒரு ஹோட்டல் குசினியில். இரண்டு பரீட்சகர்கள். ஒருவர் எழுதிக்கொண்டே இருந்த ஆண். மற்றவர் வட நோர்வேயைச் சேர்ந்த பெரிய உடம்புக்காரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சமைக்க வேண்டியவை எழுதிய உறையைத் திறந்தேன். முதலில் மீன், நடுவில் மாட்டிறைச்சி அதன் சூப்போடு, கடைசியில் அப்பிள். எனக்கென்று பார்த்து எழுதினார்களா என்று தோன்றியது.

வேலைத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: மாட்டிறைச்சியையும் அதன் சூப்பையும் நான் ருசி பார்க்க மாட்டேன். மற்றதெல்லாம் பார்ப்பேன்.

அந்த அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். புள்ளி குறையும், தெரியுமா என்றார். தெரியும், குறையுங்கள் என்றேன். அப்படியென்றால் உப்பு உனக்கு எப்படித் தெரியும் என்றார். பொறுத்திருந்து பாருங்கள் என்று சொன்னேன். பரீட்சகருக்கு அப்படிச் சொல்லலாமா என்று பிறகுதான் யோசித்தேன்.

தந்தது நாலு அடுப்பு. ஒன்றில் பெரிய பானை, ஒன்றில் கிழங்கு, ஒன்றில் அப்பிளுக்குச் சீனிப்பாணி. நாலாவது மீனுக்கு. சின்னச் சட்டிக்கு இடமில்லை. பன்னிரண்டு மணிக்கு அதை யோசித்து நின்றது ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மீனை ஒதுக்கி வைத்துவிட்டு, நாலாவது அடுப்பில் சின்னச் சட்டியை ஏற்றினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு, நக்கினேன். இன்னொரு கிள்ளு. மறுபடி ஒரு சொட்டு. கையைக் கழுவிவிட்டுப் பெரியதில் போட்டேன். ஆவியில் மூக்கைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பேனை சுரண்டும் சத்தம் நின்றுபோனது கேட்டது.

மீன் ஏழு நிமிடம் பிந்திப் போனது.

அந்த அம்மா ஒரு கரண்டியால் பெரிய பானைச் சூப்பைக் குடித்தார். அதை வைத்துவிட்டு, புதுக் கரண்டி ஒன்று எடுத்துச் சின்னச் சட்டியில் இருந்ததைக் குடித்தார். புதுக் கரண்டி. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. திரும்பிப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவரும் இரண்டையும் குடித்தார். இருவரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் அடுப்புகளைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

6

பாஸ். மிக நன்று அல்ல, வெறும் பாஸ். மீன் பிந்தியதற்கு ஒரு வெட்டு, ருசி பார்க்காததற்கு ஒரு வெட்டு. அந்த இரண்டு வெட்டும் என்னுடையவை, எனக்கு அவற்றில் ஒரு துக்கமும் இல்லை.

பரீட்சகர்களின் குறிப்பை அபிரா வீட்டு மேசையில் வைத்து வாசித்தாள். முதலில் நொர்ஸ்கில், பிறகு சொற்களைத் தேடித் தேடித் தமிழில். கத்தி வேலை நல்லது. சுத்தம் மிக நல்லது. மீன் தாமதம். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு வாசித்தாள்: பரீட்சார்த்தி பிரதான உணவை ருசி பார்க்கவில்லை. உப்புச் சரி.

ஹெல்மூட்டும் அதை வாசித்தார், நின்ற நிலையில், இரண்டு தரம். மன்னிப்புக் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து என் அடுப்பில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். கரண்டி இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. என் பானைப் பக்கம் கொண்டு வருவதில்லை.

என் வேலைக் கடிதத்தில் இப்போது 'சமையல்காரி' என்று இருக்கிறது. பழையதையும் எறியவில்லை, பேணியில் இருக்கிறது.

இனி மச்சாளின் கேள்வி. அவள் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வேலை இல்லை, வீட்டுக் குசினியில் நின்றேன். மச்சாளின் குரல் ரிசீவருக்கு வெளியிலும் கேட்கும். நான் வாய் திறக்குமுன் அபிரா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிவிட்டாள். தொலைபேசியில் ஊரோடு கதைக்கச் சொன்னால் அறைக்குள் ஒளிகிற பிள்ளை.

"ஓம் மாமி, உண்மைதான். அம்மா அவிக்கிறவா. ஆனால் தின்னுறேல்லை. சென்சோர் பேப்பரிலை எழுதித் தந்திருக்கினம்."

மறுபக்கம் மச்சாள் ஏதோ கேட்டாள்.

"நானோ? நான் தின்னுறனான் மாமி. அம்மாதான் அவிச்சுத் தாறவா. இப்பவும் அடுப்பிலை கிடக்கு."

அபிரா ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அடுப்பில் அவளுக்கும், இனி ஒளித்துத் தின்னத் தேவையில்லாத தகப்பனுக்கும் பெரிய சட்டி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் சின்னது. சின்னதிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

"மாமியிட்டைச் சொல்லு," என்றேன், "உப்புச் சரி."